ஒரே குளத்தில் எந்தெந்த மீன்களைச் சேர்த்து விடலாம்?

மார்கழி மழை ஓய்ந்து, வான் பாய்ந்த தண்ணீரும் நின்று, குளம் தளும்ப நிற்கும் நாட்களில் நெளுக்குளத்திலும் அயல் ஊர்களிலும் ஒரு கேள்வி எழுவதுண்டு. "இந்தமுறை குளத்துக்கு என்ன மீன்குஞ்சு விடுவம்?" என்பதே அது. வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதியால் சென்றால் ஊர்ப் பெயர்களே குளங்களின் பெயர்களாக வரிசையாக வரும். வேப்பங்குளம், நெளுக்குளம், பூவரசன்குளம், செட்டிகுளம் என அவ்வரிசை நீளும். இலங்கையின் வரண்ட வலயத்தில் இத்தகைய சிறிய கிராமியக் குளங்கள் 12,000க்கு மேல் உள்ளதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. அவற்றிற் பெரும்பாலானவை மாரியில் நிரம்பி, ஆடி ஆவணியில் வற்றிப் போகின்றவை. ஆண்டில் எட்டு மாதம் தண்ணீர் நிற்கும் இக்குளங்கள் நெல்லுக்கு நீர் கொடுப்பதோடு மீனையும் கொடுக்கக் கூடியவை.

ஆனால் மேற்சொன்ன கேள்விக்குக் கிடைக்கும் விடை பல இடங்களில் திருப்தியானதாக இல்லை. எது மலிவாகக் கிடைக்கின்றதோ அதை வாங்குவது, அல்லது பக்கத்து ஊரார் விட்டதையே நாமும் விடுவது என்பதே வழக்கமாகி விட்டது. "எல்லாம் தண்ணிக்குள்ள சீவிக்கிற மீன்தானே சுவாமி" என்று சொல்பவர்களும் உள்ளனர். குஞ்சு வாங்கும் காசு குடும்பத்துக்கு இவ்வளவு என்று சேர்த்த காசு. இரண்டு மூன்று முறை இடம்பெயர்ந்து, காணியும் மாடும் இழந்து வந்து குந்திய குடும்பங்கள் அந்தப் பங்கைக் கொடுக்கும்போது, அன்றைய அரிசிக்கான காசிலிருந்து எடுத்தே கொடுக்கின்றன. தெரிவு பிழைத்தால் அந்தப் போகம் முழுவதும் போய்விடும். மறு மாரி வரை காத்திருக்க வேண்டும். ஆகவே எந்த மீன் எந்த மீனோடு ஒத்து வாழும் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் மீனின் வாயைப் பாருங்கள். சந்தையில் ஒரு கட்லா மீனைக் கண்டால் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் கீழ்த்தாடை முன்னே நீண்டு, வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும். அது நீரின் மேற்பரப்பில் மிதக்கும் நுண்ணிய விலங்குகளைத் தின்னும் மீன். ரோகு மீனின் வாய் சற்றுக் கீழ்நோக்கி இருக்கும். உதட்டின் ஓரம் மயிர் வைத்தாற்போல் சுருங்கியிருக்கும். அது பெரும்பாலும் நடுநீரில் திரிந்து பாசியையும் அழுகிய தாவரத் துகள்களையும் உண்ணும். மிரிகால் அடியில் மேயும் மீன்; சேற்றின் மேற்படையில் மக்கிக் கிடப்பவை அதன் உணவு. மூன்றும் ஒரே குளத்தில் இருந்தாலும் ஒன்றின் கோப்பையில் மற்றது கை வைப்பதில்லை. ஒரு வீட்டில் மூன்று மாடி இருந்தால் மூன்று குடும்பம் இருக்கலாம் அல்லவா? குளமும் அப்படித்தான். இந்த உண்மையை வங்காளத்து மீனவர்களும் சீனத்து விவசாயிகளும் பல நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கண்டறிந்து பயன்படுத்தி வந்துள்ளனர்.

சீனக் கெண்டைகளிலும் இதே பங்கீடு உண்டு. வெள்ளிக்கெண்டையின் செவுள் மிக நுண்ணிய வடிகட்டி போன்றது; தண்ணீரைப் பச்சையாகக் காட்டும் கண்ணுக்குத் தெரியாத பாசியை அது வடித்து உண்ணும். பெருந்தலைக்கெண்டையின் வடிகட்டி சற்றுப் பரும்படியானது. அது நுண்விலங்குகளையே அதிகம் பிடிக்கும். புல்லுக்கெண்டை நீருக்குள் வளரும் வேலம்பாசி போன்ற மெல்லிய பூண்டுகளை மாடு புல் மேய்வதுபோல் மேயும். மேய்ந்ததிற் பெரும்பகுதி அரைகுறையாகச் செரித்து எருவாக வெளியேறுவதால் தண்ணீர் வளம் பெற்று, மற்ற மீன்களுக்கு வேண்டிய பாசி பெருகும். சில புல்லுக்கெண்டைகளைச் சேர்த்து விடுவது குளத்துக்கு இலவசமாக எரு போடுவதற்குச் சமம். ஆனால் ஆகாயத்தாமரையையும் சல்வீனியாவையும் அது தின்று தீர்த்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவற்றை அது விரும்பி உண்பதில்லை. கையால் இழுத்துத்தான் கரையேற்ற வேண்டும்.

இப்போது ஒத்துப் போகாதவற்றைப் பார்ப்போம். கட்லாவும் பெருந்தலைக்கெண்டையும் ஒரே மாடியில், ஒரே சாப்பாட்டுக்குப் போட்டியிடுபவை. இரண்டையும் நிறைய விட்டால் இரண்டும் மெலியும். குஞ்சு கிடைப்பதைப் பொறுத்து ஏதாவது ஒன்றை முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல் மிரிகாலும் சாதாரண கெண்டையும் அடித்தளத்துப் போட்டியாளர்கள். சாதாரண கெண்டை வேகமாக வளரும், எதையும் தின்னும், கடினமான நிலையையும் தாங்கும் என்பதால் பலருக்கும் பிடித்த மீன். ஆனால் அது பன்றி கிளறுவதுபோல் சேற்றைக் கிளறித் தின்னும். எண்ணிக்கை கூடினால் தண்ணீர் எந்நாளும் கலங்கியே இருக்கும். வெளிச்சம் உள்ளே போகாது, பாசி வளராது. பாசியை நம்பியிருக்கும் வெள்ளிக்கெண்டையும் ரோகுவும் பட்டினி கிடக்கும். குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும் அதே குளத்துக்கு வரும் பெண்களும் உங்களை ஏசுவார்கள். மண் குளக்கட்டின் அடிப்பகுதியைக் கிளறி இளக்குவதும் உண்டு. சிறு குளமென்றால் சாதாரண கெண்டையை மட்டாக விடுவதே நல்லது.

நன்னீர் இறாலைப் பற்றியும் கேட்கின்றார்கள். நல்ல விலை போகும் இந்த இறால் அடித்தளவாசி. சாதாரண கெண்டை நிறைந்த குளத்தில் சின்ன இறாற் குஞ்சை விடுவது அதற்கு இரை போடுவதாகவே முடியும். இறால் விட விரும்பினால் அடித்தள மீன்களைக் குறைத்து, மேல்நீர் மீன்களோடு சேர்க்க வேண்டும்.

அடுத்தது எமது மக்கள் ஜப்பான் மீன் என்று அழைக்கும் திலாப்பியா. ஜப்பானுக்கும் இதற்கும் யாதொரு உறவும் இல்லை; இதன் தாயகம் ஆப்பிரிக்கா. 1952ஆம் ஆண்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன், நாட்டின் குளத்து மீன்பிடியையே மாற்றி அமைத்தது. இதனை ஏளனமாகப் பேசுவது சிலருக்குப் பழக்கம். ஆனால் குளத்தை அண்டி வாழும் ஏழை வீட்டுச் சட்டியில் மீன் மணந்ததற்கு இம்மீன் ஒரு பெருங் காரணம் என்பதை நாம் மறுக்க முடியாது. குஞ்சு வாங்கத் தேவையில்லை, தானே பெருகும். முள் குறைவு, பிள்ளைகளும் உண்ணலாம்.

தானே பெருகுவதுதான் இதன் பலவீனமும். தாய் மீன் முட்டைகளைத் தன் வாய்க்குள் வைத்து அடைகாக்கும். குஞ்சு பொரித்த பின்னும் ஆபத்து வந்தால் வாய்க்குள் அழைத்துக்கொள்ளும். இவ்வளவு கவனமாக வளர்ப்பதால் குஞ்சுகள் பெருமளவில் தப்புகின்றன. ஆண்டில் பல தடவை இது நடக்கும். இடமும் உணவும் போதாத சிறு குளத்தில், உள்ளங்கை அளவுகூட வளராத வயதிலேயே மீண்டும் முட்டையிடத் தொடங்கி விடும். முடிவில் வலை நிறைய மீன் வரும். ஆனால் எல்லாம் விரல் நீளம். வற்றும் குளமென்றால் இந்தத் தொல்லை குறைவு; ஆண்டுக்கொரு முறை குளம் காய்ந்து கணக்கு முடிந்து விடும். வற்றாத மடு உள்ள குளத்தில் ஏற்கனவே ஜப்பான் மீன் இருக்குமானால், அதன்மேல் இன்னும் ஜப்பான் குஞ்சை வாங்கிக் கொட்டுவதில் பயனில்லை. அந்தக் காசுக்கு மேல்நீர் மீனை வாங்குங்கள்.

இனி விரால். வன்னியில் விராலுக்கு உள்ள மதிப்பு வேறு எந்தக் குளத்து மீனுக்கும் இல்லை. பிள்ளை பெற்ற பெண்ணுக்கும் நோயாளிக்கும் தேடிக் கொடுக்கும் மீன் அது. ஆனால் குஞ்சு விடும் குளத்தில் அது பெரும் எதிரி. வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கும். ஐந்து சென்ரிமீற்றருக்குக் குறைந்த கெண்டைக் குஞ்சுகளை விரால் உள்ள குளத்தில் விட்டால், அறுவடையன்று கொழுத்த விரால்கள் மட்டுமே வலையில் வரக் கூடும். வாளை, உழுவை, கெளிறு ஆகியனவும் இதே கூட்டத்தைச் சேர்ந்தவை. விரால் காற்றைச் சுவாசிக்க வல்லது. தண்ணீர் வற்றினாலும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து நாட்களைக் கடத்தும். "குளம் போன வருசம் வத்தினதுதானே, விரால் இராது" என்று கணக்குப் போடுவதில் அவதானம் தேவை.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, குளம் வற்றும் தறுவாயில் கடைசி மடுவையும் நன்றாக வலை இழுத்துத் துடைப்பது. மற்றது, விடும் குஞ்சு பெரிதாக இருப்பது. எட்டு முதல் பத்துச் சென்ரிமீற்றர் வரை, அதாவது ஒரு பெரிய ஆளின் நடுவிரல் நீளம் வளர்ந்த குஞ்சுக்கு விலை கூடுதலாக இருக்கும். ஆயினும் பத்துச் சின்னக் குஞ்சில் ஒன்று தப்புவதிலும், நான்கு பெரிய குஞ்சில் இரண்டு தப்புவது மேல் அல்லவா? சில ஊர்களில் அலைகரையில் ஒரு மூலையை வலையால் அடைத்து, வாங்கிய சின்னக் குஞ்சுகளை இரண்டு மாதம் தவிட்டும் பிண்ணாக்கும் போட்டு வளர்த்த பின் திறந்து விடுகின்றார்கள். வீட்டு வளவில் சீமெந்துத் தொட்டியோ சிறு குட்டையோ வைத்திருக்கும் குடும்பங்கள் இவ்வேலையை ஏற்றுக் குஞ்சை ஊருக்கே விற்கலாம்.

விராலை முற்றாக வெறுக்கவும் வேண்டியதில்லை. ஜப்பான் மீன் பெருகித் தொல்லை தரும் குட்டையில், அம்மீன்கள் வளர்ந்த பின்னர் சில விரால் குஞ்சுகளை விட்டால் அவை பெரிய மீனை விழுங்க முடியாது. புதிதாகப் பொரிக்கும் குஞ்சுகளைத் தின்று தீர்க்கும். ஜப்பான் மீனும் பருக்கும், விராலும் பருக்கும். எதிரியாயிருப்பவன் எந்த இடத்தில், எந்த அளவில் உதவியாளனாகின்றான் என்பது அளவைப் பொறுத்த விடயம்.

ஏன் ஒவ்வோர் ஆண்டும் குஞ்சு வாங்க வேண்டும் என்ற கேள்வியும் நியாயமானதே. ரோகு, கட்லா, மிரிகால், வெள்ளிக்கெண்டை, பெருந்தலைக்கெண்டை, புல்லுக்கெண்டை ஆகியன இயற்கையில் ஓடும் ஆற்று வெள்ளத்தில் முட்டையிடுபவை. எமது குளங்களின் நிலைநீரில் அவை வளருமே தவிரப் பெருகா. 1957 ஜூலை 10ஆம் நாள் இந்தியாவின் ஒரிசா மாநிலத்தில் கலாநிதி ஹீராலால் சௌத்ரியும் அவருடைய குழுவினரும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் ஏற்றி இந்தியக் கெண்டைகளை முட்டையிடச் செய்தனர். அந்நாளை இந்தியா மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகின்றது. இன்று எமக்குக் கிடைக்கும் குஞ்சுகள் யாவும் அந்த வழியில் பொரிப்பகங்களில் பிறந்தவையே. இலங்கையில் 1990ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்பிடிக்கான அரச ஆதரவு நிறுத்தப்பட்டு, 1994 வரை அந்நிலை தொடர்ந்தது. பொரிப்பகங்கள் கைவிடப்பட, குஞ்சு கிடைப்பது அரிதாயிற்று. 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை நிறுவப்பட்டு 1999இல் இயங்கத் தொடங்கிய பின்னரே இத்துறை மீண்டும் தலையெடுத்தது. மக்கள் நக்டா என்று சுருக்கிச் சொல்வது இதனைத்தான். குஞ்சு கேட்க விரும்பும் ஊரவர்கள் மழை தொடங்கும் முன்னரே தமது கமக்காரர் அமைப்பின் ஊடாக எழுத்தில் கேட்டு வைப்பது நன்று. குளம் நிரம்பிய பின் ஓடித் திரிந்தால் மிஞ்சிய இனம்தான் கையில் கிடைக்கும். தெரிவு என்ற பேச்சுக்கே இடமிராது.

எண்ணிக்கைக்கு வருவோம். வற்றும் குளங்களுக்கு ஹெக்டேயருக்கு ஏறத்தாழ 2000 குஞ்சு, அதாவது ஏக்கருக்கு 800 என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, நிறைகுளத்தின் பரப்பை எடுத்துப் பெருக்கக் கூடாது. தண்ணீர் மாதா மாதம் சுருங்கும். ஆகவே நிறைகுளப் பரப்பில் பாதியைக் கணக்கிற் கொள்ள வேண்டும். பத்து ஏக்கர் விரியும் குளமாயின் ஐந்து ஏக்கர் என்று கொண்டு 4000 குஞ்சு. இதில் 40 வீதம் மேல்நீருக்கு, 30 வீதம் நடுநீருக்கு, 30 வீதம் அடிக்கு எனப் பிரித்தால், 1600 கட்லாவும் வெள்ளிக்கெண்டையும், 1200 ரோகு, 1200 மிரிகாலும் சாதாரண கெண்டையும் ஆகின்றது. நீருக்குள் பூண்டு நிறைய இருந்தால் ஒவ்வொரு பங்கிலும் சிறிது குறைத்து, 200 அல்லது 300 புல்லுக்கெண்டையைச் சேருங்கள். பூண்டே இல்லாத குளத்தில் அது தேவையில்லை. மூன்றில் ஒரு பங்கு மட்டும் தப்பி, ஒன்று முக்கால் கிலோ வளர்ந்தாலும் ஏறத்தாழ 1000 கிலோ மீன் வரும். இது கணக்குக்காகச் சொல்வது. மழையும் களவும் விராலும் இதைக் கூட்டும், குறைக்கும்.

விடும் காலம் தெரிவைப் போலவே முக்கியம். வான் பாயும்போது குஞ்சு விட்டால் ஊர் காசு கீழ்க் குளத்துக்குப் போய்விடும். வானுக்குக் குறுக்கே வலை கட்டலாமே என்பர். செத்தையும் சருகும் அந்த வலையில் அடைத்து, தண்ணீர் எழும்பி, குளக்கட்டே உடையும் ஆபத்து உண்டு. எனவே வான் ஓய்ந்த பின், தை மாதமளவில் விடுவதே பாதுகாப்பு. துருசு வாயிலுக்கு மட்டும் சிறு கண் வலை போடுங்கள். ஒட்சிசன் அடைத்த பொலித்தீன் பைகளில் வரும் குஞ்சுகளைக் காலையிலோ மாலையிலோ விடுங்கள். பையை அவிழ்க்காமல் கால் மணித்தியாலம் குளத்தில் மிதக்க விட்டு, பின் குளத்து நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, குஞ்சு தானாக நீந்தி வெளியேற விட வேண்டும். நண்பகல் வெயிலில் அவசரப்பட்டுக் கவிழ்த்துக் கொட்டினால் பாதி அங்கேயே மல்லாந்து விடும்.

மீன்கள் ஒன்றோடொன்று ஒத்துப் போவது ஒருபுறமிருக்க, நெல்லோடு ஒத்துப் போகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். தண்ணீர் முதலில் வயலுக்குரியது. இதில் மீனுக்காக வாதாட நாம் வரவில்லை. ஆனால் சிறுபோகத்துக்கு எவ்வளவு ஏக்கர் விதைப்பது என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கும்போதே, மீன் பருக்க எத்தனை அடித் தண்ணீர் எந்த மாதம் வரை நிற்கும் என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டால் பின்னர் சண்டை வராது. மருந்தடிக்கும் தாங்கியைக் குளத்தில் கழுவுவதை ஊர் ஒன்றாகத் தடை செய்ய வேண்டும். ஒரு போத்தலின் மிச்சம் ஒரு மூலையின் மீனையே அழிக்கும். அந்தத் தண்ணீரில்தான் பிள்ளைகளும் குளிக்கின்றார்கள். எமது குளங்கள் தொடராக அமைந்தவை. மேற்குளத்து வயலின் கழிவுநீர் கீழ்க்குளத்துக்கு வரும். ஆகையால் மேலூருடன் பேசாமல் கீழூர் மட்டும் கட்டுப்பாடு வைத்துப் பயனில்லை.

அறுவடையில் ஒரு சங்கடம் உண்டு. எல்லாக் குளமும் ஆவணி, புரட்டாதியில் ஒரே சமயத்தில் வற்றுவதால் எல்லா ஊர் மீனும் ஒரே கிழமையில் சந்தைக்கு வந்து விலை விழுந்து விடுகின்றது. ஒரு கிலோ எட்டிய மீனை ஆனி தொடக்கம் பெருங்கண் வலையால் சிறிது சிறிதாக எடுத்தால், எஞ்சியவற்றுக்கு இடமும் கிடைக்கும், விலையும் நிற்கும். கெண்டையில் முள் அதிகம் என்று வாங்க மறுப்பவர்களுக்கு, இருபக்கமும் நெருக்கமாகக் கீறி நன்றாகப் பொரித்துக் காட்டுங்கள். நுண்முள் எண்ணெயில் முறுகிப் போய்விடும்.

இங்கே நாம் பேசத் தயங்கக் கூடாத ஒரு விடயம் உண்டு. வவுனியாச் சுற்றாடலில் 1977இல் மலையகத்திலிருந்து வந்தவர்களும், 1990களில் பூந்தோட்டம், சிதம்பரபுரம் நலன்புரி நிலையங்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்களும், 2009இன் பின் வந்து தங்கியவர்களும் கலந்து வாழ்கின்றனர். இவர்களிற் பலருக்குக் குளத்தின் கீழ் வயல் இல்லை. கமக்காரர் அமைப்பு பெரும்பாலும் வயல் செய்பவர்களைச் சுற்றியே அமைவதால், மீன் பங்கிலும் அவர்கள் பெயர் விடுபட்டுப் போகின்றது. நெல்லுக்குக் காணி வேண்டும். மீனுக்குக் காணி வேண்டியதில்லை. குஞ்சு வளர்த்தல், இரவுக் காவல், வலை இழுத்தல், விற்றல், மிஞ்சியதைக் கருவாடாக்கல் எனக் கை வேலை நிறைய உண்டு. குஞ்சு விடும் முன்னரே ஒரு கூட்டம் கூட்டி, வயற்காரருக்கு இவ்வளவு, வேலை செய்பவருக்கு இவ்வளவு, குளத்துத் திருத்தத்துக்கு இவ்வளவு என்று கொப்பியில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். பங்கு இல்லாதவன் காவல் காக்க மாட்டான் என்பது ஒரு பக்கம். ஊரில் இருபது வருடம் இருந்தும் ஊர்க் குளத்தில் ஒரு மீனுக்கு உரிமை இல்லை என்று ஒரு தாய் சொல்ல நேர்வது எந்த ஊருக்கும் அழகல்ல என்பது எமது எண்ணம்.

குளமே அருகில் இல்லாதவர்கள், வாடகை வளவில் இருப்பவர்கள் அலங்கார மீனை நினைக்கின்றார்கள். சென்னையை அடுத்த கொளத்தூரில் வீட்டுக்கு வீடு தொட்டி வைத்து அலங்கார மீன் வளர்ப்பதே ஒரு தொழிலாக வளர்ந்துள்ளது. இங்கும் அது முடியும். கண்ணாடித் தொட்டியிலும் கேள்வி அதுவேதான்: எது எதனோடு சேரும்? இங்கு வாயைப் பார்ப்பதற்கு முன் கேத்திலைப் பாருங்கள். எமது கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் கேத்திலின் அடியில் வெண்படை படிகின்றது; அது வன்னீர். நியோன் போன்ற மென்னீர் மீன்கள் இதில் வாடும். கப்பி, மொலி, பிளாட்டி, வாள்வால் ஆகிய நான்கும் வன்னீரை விரும்புபவை, குஞ்சாகவே ஈனுபவை, ஒன்றையொன்று கடிப்பதில்லை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமான தொட்டியில் ஏறத்தாழ 55 லீற்றர் நீர் கொள்ளும். பத்துப் பன்னிரண்டு சிறு மீன் போதும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று விடாவிட்டால் பெண்மீன் ஓடியே களைத்துச் சாகும். இவற்றோடு ஏஞ்சலைச் சேர்த்தால், அது வளர்ந்ததும் கப்பியை விழுங்கும். டைகர் பார்ப் நீண்ட துடுப்பைக் கடித்துக் கந்தலாக்கும். ஃபைட்டர் ஆண்கள் இரண்டை ஒரு தொட்டியில் வைக்கவே கூடாது. தங்கமீன் பார்க்கச் சாதுவானாலும் பெரிதாக வளர்ந்து தொட்டியை அழுக்காக்கும். அதற்குத் தனித் தொட்டி வேண்டும். புதுத் தொட்டியில் முதல் நாளே மீனை நிரப்பாமல், இரண்டு மூன்றை விட்டுச் சில கிழமை பொறுங்கள். கழிவின் நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்கள் பெருக அவ்வளவு காலம் எடுக்கும். குழாய் நீரென்றால் ஒரு நாள் திறந்து வைத்த பின் ஊற்ற வேண்டும்.

கடைக்காரர்கள் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று கூறி டாங் கிளீனர் எனப்படும் மீனையும் சேர்த்து விற்பார்கள். கறுத்த, செதில் தடித்த, வயிற்றுப் பக்கம் உறிஞ்சும் வாயுள்ள மீன் அது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த இம்மீன் வாங்கும்போது விரல் நீளம். வளர்ந்தால் ஓரடியைத் தாண்டும். தொட்டியில் அடங்காமற் போனதும் இரக்கப்பட்டு ஆற்றிலும் குளத்திலும் கொண்டுபோய் விட்டதன் விளைவாக, இலங்கையின் நீர்நிலைகள் சிலவற்றில் அது பெருகி விட்டது. அதன் முள் வலையைக் கிழிக்கும். சந்தையில் வாங்க ஆளில்லை. அதைத் தின்னும் மீனும் எமது குளங்களில் அரிது. தொட்டி மீன் வேண்டாமென்றால் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள், அல்லது கொன்று தென்னைக்குப் புதையுங்கள். குளத்துப் பக்கம் மட்டும் கொண்டு போக வேண்டாம்.